ஜப்பானியப் பெரியவர்களுக்குப் பழைய அனிசோன் நேரம் நடத்துவது எப்படி

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குச் சேரும் நம் இளைஞர்களிடம், சேர்ந்த சில வாரங்களுக்குள்ளேயே ஒரு பொறுப்பு வந்து சேரும். குளியலும் மதிய உணவும் முடிந்த பிறகு, மூன்று மணிச் சிற்றுண்டிக்கு முன்னால், பெரியவர்களை வட்டமாக உட்கார வைத்து நடத்தும் பொழுதுபோக்கு நேரம் அது. அங்கே அதைச் சுருக்கமாக 'ரெக்' என்பார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு, குறிப்பிட்ட திறன் உள்ள தொழிலாளர்களுக்கான 'டொகுதெய் கினோ' விசாவில் பராமரிப்புத் துறைக்குப் போக நமக்கு வழி திறந்திருக்கிறது. இப்படிப் போகிறவர்களில் பலர் அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களைப் பார்த்துப் பார்த்தே ஜப்பானிய மொழியின் மீது ஆசை கொண்டவர்கள் என்பதால், ரெக் நேரத்தில் அனிமே பாட்டு, அதாவது அங்கே சொல்லும் 'அனிசோன்', போடலாம் என்ற எண்ணம் தானாகவே வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தப் பாட்டு, யாருக்கு, எந்தப் பதிவு, எவ்வளவு சத்தத்தில் என்பது தெரியாமல் போட்டால், பெரியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டுவிட்டு, மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, சிற்றுண்டிக்குக் காத்திருப்பார்கள்.

எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஒரு பகல்நேர மையத்தில் நான் முதன்முதலாக நடத்திய பாட்டு நேரத்தில், 1995-இல் வந்த இவாஞ்சலியன் தொடரின் முகப்புப் பாட்டைப் போட்டேன். ஜப்பான் முழுவதும் தெரிந்த பாட்டு, அனிசோன் என்றாலே முதலில் நினைவுக்கு வருகிற பாட்டு என்பது என் கணக்கு. எதிரில் இருந்தவர்களில் இளையவருக்கே அந்த ஆண்டில் நாற்பது வயது இருந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அது அவர்களுடைய பிள்ளைகளின் பாட்டு. கதவை மூடிக்கொண்டு பிள்ளைகள் தனியறையில் கேட்ட பாட்டு. அடுத்த வாரம் வேறு வழியில் தொடங்கினேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிறந்த ஆண்டிலிருந்து தொடங்குங்கள்

பாட்டைத் தேடுவதற்கு முன்னால் ஆட்களின் பிறந்த ஆண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் தம் பிறந்த ஆண்டை, பேரரசரின் ஆட்சிக்காலத்தை ஒட்டிய ஷோவா கணக்கில்தான் சொல்வார்கள். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும்: ஷோவா 30 என்றால் 1955. இதைக் காகிதம் இல்லாமல் மனத்திலேயே கூட்டப் பழகிக்கொண்டால், அவர்களோடு பேசும்போதே அவர் எந்த வயதில் எந்தப் பாட்டைக் கேட்டிருப்பார் என்று கணக்கிட்டுவிடலாம்.

ஒருவருடைய வாழ்நாள் நினைவுகளில் ஏறத்தாழப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலம் மற்றக் காலங்களைவிட அடர்த்தியாகத் தங்குகிறது என்பதை நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் பல முறை கண்டிருக்கிறார்கள். பழைய நினைவுகளைப் பேச வைப்பது முதுமைக்கு நல்லது என்ற கருத்தை அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த முறையை ஜப்பானில் 'கைசோஹோ' என்கிறார்கள். உங்கள் மையத்தில் இந்தச் சொல்லைச் சொன்னால் போதும், நீங்கள் எதற்காகப் பாட்டுப் போடக் கேட்கிறீர்கள் என்பது மூத்த ஊழியர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

அதே 1963-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்றுதான், நாம் 'அஸ்ட்ரோ பாய்' என்று அறியும் 'தெட்சுவான் அட்டோம்' ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரந்தோறும் அரை மணி நேரம் ஓடும் தொலைக்காட்சி அனிமே என்ற வழக்கமே அதிலிருந்து பிறந்தது. எனவே ஷோவா 30-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள், அதாவது எழுபதைத் தொட்டவர்கள், அனிசோனைக் குழந்தையாக இருந்து கேட்ட முதல் தலைமுறை. அவர்களுக்கு எட்டு வயதில் அட்டோம், பதின்மூன்றில் கிதாரோ, பத்தொன்பதில் யமாதோ என்று தொடர்கள் வந்தன.

எண்பதைக் கடந்தவர்களின் கதை வேறு. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். 'இவர்கள் அனிமே பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவே, இவர்களுக்கு என்கா என்னும் பழைய பாணிப் பாட்டுதான் சரி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1940-இல் பிறந்த ஒரு பெண்மணி குழந்தையாக அனிமே பார்த்ததில்லைதான். ஆனால் 1974-இல் அவருக்கு முப்பத்து நான்கு வயது; வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்கு 'ஹைடி' தொடரின் பாட்டு அந்தக் கூடத்தில் ஒலித்தபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பாட்டு அவருக்குத் தாய்மையின் பாட்டு. குழந்தையாகக் கேட்டவருக்கு அது கதையையும் வீரத்தையும் நினைவூட்டும். தாயாகக் கேட்டவருக்குப் பிள்ளையின் முதுகும் ஈரக் கையும் நினைவுக்கு வரும். ஒரே பாட்டை இருவருக்கும் போடலாம், ஆனால் கேட்கும் கேள்வி வேறாக இருக்க வேண்டும்.

தொண்ணூறைத் தாண்டியவர்களை இதற்குள் வற்புறுத்தி இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களுடைய பாட்டுகள் பள்ளிக்கூடப் பாடல்களும் பாடகி மிசோரா ஹிபாரியின் பாட்டுகளும்தான். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம்: 'சசாயே-சான்'. அது 1946-இலேயே நாளிதழில் படக்கதையாக வந்துவிட்டதால், பாட்டு தெரியாதவருக்கும் ஆளைத் தெரியும்.

எந்தப் பாட்டுகள்

தொடக்கத்துக்குச் சசாயே-சானைவிட நல்ல பாட்டு இல்லை. 1969 அக்டோபர் 5 அன்று தொடங்கிய இத்தொடர் இன்றும் ஞாயிறு மாலை ஆறரைக்கு ஓடுகிறது. உலகில் மிக நீண்ட காலம் ஓடும் தொலைக்காட்சி அசைபடத் தொடர் என்ற கின்னஸ் சாதனையும் அதற்கு உண்டு. சுட்சுமி கியோஹெய் இசையமைத்து உனோ யூகோ பாடிய முகப்புப் பாட்டின் முதல் சில நொடிகளிலேயே அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தொடரின் முடிவுப் பாட்டைக் கேட்டதும் 'நாளை திங்கட்கிழமை' என்ற சோர்வு வருவதை அந்த நாட்டில் 'சசாயே-சான் நோய்' என்றே சொல்வார்கள். ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் ஆனவர்கூட அதைச் சொல்லிச் சிரிப்பதைக் காணலாம். அங்கிருந்து அவருடைய அலுவலக நாட்களைப் பற்றிப் பேச்சு நகரும்.

அடுத்து அட்டோம். தகாய் தட்சுவோ இசையமைத்த இதற்கு வரிகள் எழுதியவர் கவிஞர் தனிகாவா ஷுந்தாரோ. தொடக்க அத்தியாயங்களில் இசை மட்டுமே ஒலித்தது, சிறுவர் பாடகர் குழு பாடிய வடிவம் பின்னர்தான் வந்தது. இப்பாட்டின் முதல் அடியிலேயே 'லாலாலா' என்று வருவது உங்களுக்குக் கிடைத்த வரம். சொற்களை மறந்துவிட்டவர்களும், பக்கவாதத்தால் பேச்சு குழறுகிறவர்களும் அந்த லாலாலாவில் சேர்ந்துகொள்வார்கள். இப்படிச் சொல் வேண்டாத இடம் உள்ள பாட்டுகளைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிதாரோ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'கெ கெ கெகெகெ', தெராயாமா ஷூஜி எழுதி பிதோ இசாவோ பாடிய 'அஷிதா நோ ஜோ' பாட்டின் 'ருருரு', 'மஜிங்கர்' என்ற ரோபோ தொடரின் பாட்டில் 'ஸெட்டோ' என்ற முழக்கம் எல்லாம் இந்த வகை.

பெண்கள் அதிகமுள்ள குழுவென்றால் 1969-இல் தொடங்கிய 'அட்டாக் நம்பர் ஒன்' பாட்டைத் தவறவிடாதீர்கள். ஓசுகி குமிகோ பாடிய அந்தக் கைப்பந்துத் தொடர்ப் பாட்டின் நடுவே, அழுகையை அடக்கும் ஒரு பெண்ணின் பேச்சு வரி வரும். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வரியை அதே குரலில் சொல்லிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் கைப்பந்தில் தங்கம் வென்ற பிறகு நாடெங்கும் சிறுமிகள் கைப்பந்து ஆடத் தொடங்கிய காலம் அது. பாட்டு முடிந்ததும் 'நீங்களும் ஆடினீர்களா' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் விரல்களைச் சேர்த்துப் பந்தைத் தூக்கும் பாவனையைக் காட்டினால் அன்றைய ரெக் நேரம் நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

1974 ஒரு தனி ஆண்டு. ஜனவரியில் 'ஆல்ப்ஸ் நோ ஷோஜோ ஹைஜி' தொடங்கியது. நாம் ஹைடி என்போமே அவள்தான். கிஷிதா எரிகோ வரிகள் எழுத, வதனாபே தகேயோ இசையமைத்த அப்பாட்டின் யோடல் குரலைச் சுவிட்சர்லாந்திலேயே பதிவு செய்துகொண்டு வந்தார்கள். அக்டோபரில் 'உச்சூ சென்கான் யமாதோ', அதாவது 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ', வேறொரு அலைவரிசையில், அதே ஞாயிறு இரவு ஏழரை மணிக்குத் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலம். அக்காவுக்கு ஹைடி வேண்டும், தம்பிக்கு யமாதோ வேண்டும். அந்தப் போட்டியில் ஹைடியே வென்றாள். யமாதோ திட்டமிட்டதைவிட முன்னதாக 26 அத்தியாயங்களோடு நின்றது. பின்னர் 1977-இல் திரைப்படமாகத் தொகுக்கப்பட்டபோதுதான் அது பெரும் வெற்றி பெற்றது. இந்த இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு 'உங்கள் வீட்டில் யார் ஜெயித்தார்கள்' என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இதைவிட நன்றாகப் பேச்சைத் திறக்கும் கேள்வி வேறில்லை. அப்பா பேஸ்பால் பார்க்க வேண்டும் என்று இருவரையும் விரட்டிவிட்டார் என்ற பதிலும் வரும்.

யமாதோவைப் பாடிய சசாகி இசாவோ, மஜிங்கரைப் பாடிய மிசுகி இச்சிரோ, கேண்டி கேண்டியைப் பாடிய ஹோரியே மிட்சுகோ, ஓசுகி குமிகோ ஆகிய நால்வரையும் அனிசோனின் நான்கு தூண்களாக ஜப்பானியர் கருதுகிறார்கள். இந்நால்வர் பாடியவற்றுள் எதை எடுத்தாலும் 1970-களின் வீட்டுக் கூடம் கண்முன் வரும். மிசுகி 1999 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் ஆயிரம் பாட்டுகளைத் தனியாகப் பாடியவர். 2022 டிசம்பரில் காலமானார். அவருடைய பெயரைச் சொன்னதும் சிலர் கைகூப்புவார்கள்.

1980-களின் பாட்டுகள், அதாவது 'கேட்ஸ் ஐ', 'டச்' போன்றவை, அறுபது வயதை ஒட்டியவர்களுக்கும் அந்த இல்லத்தின் மூத்த ஊழியர்களுக்கும்தான். ஒன்று போதும்.

சரியான பதிவைத் தேடுதல்

இதில் அவசரப்படக் கூடாது. ஒரு முறை நான் அழகாகப் புதிதாகப் பதிவு செய்யப்பட்ட அட்டோம் பாட்டைப் போட்டேன். ஒலி துல்லியம், பாடியவர் நல்ல பாடகர். ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, 'இது அது இல்லை' என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நினைவைத் தொடுவது மெட்டு மட்டுமன்று; அந்தக் குரல், அந்தக் கரகரப்பு, ஊதுகுழல் நுழையும் அந்த நொடி எல்லாம் சேர்ந்துதான் ஆளை அந்தக் கூடத்துக்குக் கொண்டுபோகின்றன.

நம்மிடமே இதற்குச் சான்று உண்டு. 1989-இல் நிப்பான் அனிமேஷன் எடுத்த மௌக்லி தொடரை 1990-களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் பார்த்த தமிழ்ப் பிள்ளைகள், இந்தி ஒரு சொல்கூடத் தெரியாமலேயே குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் முகப்புப் பாட்டை முழுதாகப் பாடினார்கள். அதே தொடரின் ஜப்பானிய மூலப் பாட்டை இன்று அவர்களுக்குப் போட்டுக் காட்டினால் ஒன்றும் நேராது. கேட்ட பாட்டுதான் பாட்டு.

எனவே தேடும்போது ரோமன் எழுத்தில் தேடாமல், தொடரின் பெயரை ஜப்பானிய எழுத்தில் நகலெடுத்து, அதோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பட்டியலில் 'கபா' என்றிருந்தால் அது வேறொருவர் பாடியது. 'ஓருகோரு' என்றிருந்தால் இசைப்பெட்டியின் மணியோசை, தூங்க வைக்க மட்டுமே உதவும். 'டிவி சைசு' என்பது ஒளிபரப்பில் வந்த, ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் வரை நீளும் வடிவம். முதலில் இந்தக் குறுகிய வடிவத்தையே போடுவது நல்லது, ஏனெனில் தொலைக்காட்சியில் முதல் சரணம் மட்டுமே ஒலித்ததால் பெரும்பாலோருக்கு அதுதான் தெரியும். இரண்டாம் சரணத்தில் அறை மௌனமாகிவிடும். அது அவர்களுடைய மறதி என்று அவர்களே எண்ணிக்கொள்வதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

1960-களில் ஒரே பாட்டை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு பாடகர்களைக் கொண்டு வெளியிட்டதும் உண்டு. அக்காலத்துப் பிள்ளைகள் படப்புத்தகத்தோடு வந்த 'சோனோஷீட்' என்னும் மெல்லிய, வளையக்கூடிய இசைத்தட்டில் பாட்டைக் கேட்டார்கள். பணமில்லாத வீட்டுப் பிள்ளை தொலைக்காட்சி வடிவத்தையும், சோனோஷீட் வாங்க முடிந்த வீட்டுப் பிள்ளை அதன் வடிவத்தையும் அறிந்திருக்கலாம். ஒருவர் 'இது இல்லை' என்றால் மறுக்காமல் வேறு பதிவைத் தேடிக்கொண்டு வாருங்கள்.

கிதாரோ இதில் ஒரு சுவையான நிகழ்வு. மூலப் படக்கதையை வரைந்த மிசுகி ஷிகேரு தாமே வரிகள் எழுதி இசுமி தாகு இசையமைத்த அதே பாட்டை, 1968-இல் குமாகுரா கசுவோ, 1985-இல் யோஷி இகுசோ, 1996-இல் யூகாதான் குழுவினர், 2018-இல் ஹிகாவா கியோஷி என்று தலைமுறைக்கு ஒருவர் பாடியிருக்கிறார்கள். ஹிகாவா என்கா பாடகராகப் புகழ்பெற்றவர் என்பதால் பாட்டிமார்களுக்குச் செல்லப்பிள்ளை. முதலில் 1968 பதிவு, பிறகு ஹிகாவாவின் பதிவு என்று போட்டால், அனிமே என்றாலே தமக்கில்லை என்று சொல்கிற பெண்களும் இருக்கையை முன்னால் நகர்த்திக்கொள்வார்கள்.

அறையும் ஒலியும்

முதுமையில் காது மந்தமாவதென்றால் எல்லா ஒலியும் சீராகக் குறைவதில்லை. கீச்சொலிகள்தாம் முதலில் போகும். ஸ, ஷ, ஃப போன்ற உரசொலிகள் தெளிவிழப்பதால் பாட்டு கேட்கும், சொல் விளங்காது. அதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு, ஓரளவுக்கு மேல் போன ஒலி திடீரென்று வலியாகத் தோன்றும். சத்தத்தைக் கூட்டுவதைவிட மற்றச் சத்தங்களைக் குறைப்பதே முறை: தொலைக்காட்சியை நிறுத்துங்கள், குளிரூட்டியின் காற்று வேகத்தைத் தாழ்த்துங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். ஒலிபெருக்கியை மேசைமேல், உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில், வட்டத்தின் முன்பக்கம் வையுங்கள். கூரையில் பதித்த ஒலிபெருக்கியும் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியும் உதவா. சசாகியின் தாழ்ந்த குரல் கைப்பேசியில் தகரமாகிவிடும். 1960-களின் பதிவுகள் பெரும்பாலும் மோனோ என்பதால் ஒற்றை ஒலிபெருக்கியே போதும். ஒரு காது மட்டும் கேட்பவருக்கும் அதுவே நல்லது.

செவிக்கருவி அணிந்தவர்களைக் கவனியுங்கள். பேச்சுக்காக அமைக்கப்பட்ட கருவி இசையைச் சிதைத்துக் கொடுக்கலாம். சில கருவிகளில் இசைக்கென்று தனி நிலை இருக்கும். அதை மாற்றத் தெரிந்த செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

ஐந்தாறு பேர் போதும். இருபது பேரை வைத்து நடத்தினால் அது கச்சேரி. யார் முகத்தையும் நீங்கள் பார்க்க முடியாது. நாற்பது நிமிடத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை. முதல் முறையில் அடையாளம் கண்டுகொள்வார்கள், இரண்டாம் முறையில்தான் பாடுவார்கள்.

சேர்ந்து பாட கராவோகே இயந்திரம் இருந்தால், 'கீ' என்ற பொத்தானை அழுத்திச் சுருதியை இரண்டு மூன்று படி இறக்கிவிடுங்கள். சிறுவர் குழுவும் இளம்பெண்களும் பாடிய உயரத்தை எழுபது வயதுத் தொண்டை எட்டாது. ஆனால் மூலப் பதிவைக் கேட்க வைக்கும்போது சுருதியையோ வேகத்தையோ தொடாதீர்கள்.

மேசைமேல் ஒரு பொருள் இருந்தால் பேச்சு எளிதாகும். அட்டோமின் விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம் தன் மார்பிள் சாக்லெட் குழாயோடு அட்டோம் ஒட்டுப்படங்களைக் கொடுத்தது. பிள்ளைகள் அதை வீட்டுப் பெட்டி, பள்ளி மேசை என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டினார்கள். 'தெட்சுஜின் 28-கோ' பாட்டின் இறுதியில் கிளிகோ நிறுவனத்தின் பெயரையே மும்முறை பாடுவார்கள்; 'எயிட்மேன்' தொடருக்கு மருமியாவின் நோரிதாமா, அதாவது சோற்றின் மேல் தூவும் பொடி. இந்தப் பொருள்கள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள், கையில் கொடுத்துக் குலுக்க வையுங்கள். ஆனால் செவிலியரைக் கேட்காமல் ஒரு சாக்லெட்கூட வாயில் போட விடாதீர்கள். விழுங்குவதில் சிரமமும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் அந்த வட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள்.

கேட்பதும் கேட்காமலிருப்பதும்

'இதைப் பாடியவர் யார்?', 'இது எந்த ஆண்டு?' என்ற கேள்விகளை அறவே விடுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு அவை தேர்வுக் கேள்விகள். பதில் வராதபோது அவர் முகம் சுருங்குவதைத்தான் அடைவீர்கள். 'தாரே தோ மிதே இமாஷிதா கா?', அதாவது 'யாரோடு பார்த்தீர்கள்?' என்பது நல்ல கேள்வி. அதற்குத் தவறான பதில் என்று ஒன்று இல்லை. பெயருக்குப் பின் 'சான்' சேர்த்து, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து, மெதுவாகக் கேளுங்கள். அவர் 'நாட்சுகாஷீ' என்றால், கடந்த காலம் இனிமையாகக் கிட்ட வந்துவிட்டது என்று பொருள். அப்போது நீங்கள் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். உடனே பேசத் துடிக்கிற நமக்கு அந்த மௌனம் சோதனையாக இருக்கும், இருந்தாலும் காத்திருங்கள். பேசவே முடியாதவர்களின் விரல்களையும் பாதங்களையும் பாருங்கள். போர்வைக்கடியில் ஒரு பெருவிரல் தாளம் போடுவதை நான் கண்டிருக்கிறேன்.

சில பாட்டுகளில் எச்சரிக்கை வேண்டும். 1975-இல் ஆண்டு முழுவதும் ஓடிய 'ஃபிளாண்டர்ஸ் நோ இனு' தொடரின் முகப்புப் பாட்டு மெல்லிய, இனிய பாட்டு. ஆனால் கடைசி அத்தியாயத்தில் சிறுவன் நெல்லோவும் நாய் பத்ராஷும் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் ரூபன்ஸின் ஓவியத்தின் முன் உறைந்து இறந்துபோவதை மறந்த ஜப்பானியர் அரிது. அண்மையில் துணையை இழந்தவர் இருக்கும் அறையில் அதைத் தவிர்த்துவிடுவேன். யமாதோ 1945 ஏப்ரலில் மூழ்கடிக்கப்பட்ட உண்மையான போர்க்கப்பலின் பெயர். அணிவகுப்பு நடையில் எழும் அந்தப் பாட்டு, போரில் தந்தையை இழந்த ஒருவருக்கு விண்வெளியை நினைவூட்டாமல் போகலாம். போரின்போது குழந்தையாக இருந்தவர்கள் குழுவில் இருந்தால், முதலில் அவருடைய குடும்பத்தாரிடமோ மூத்த ஊழியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது அழுதால் பாட்டை வெட்டென்று நிறுத்தாமல், ஒலியைத் தாழ்த்திவிட்டு அருகே போய் உட்காருங்கள். எல்லா அழுகையும் துன்பமன்று.

முடிவுக்கு எழுச்சியான, எல்லோருக்கும் தெரிந்த ஒன்று வேண்டும். பள்ளி பேஸ்பால் போட்டிகளில் ஊதுகுழல் அணிகள் வாசிப்பதால் 'டச்' பாட்டு அந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும். 'டோரேமான்' இன்னும் பாதுகாப்பு: 1979-இல் தொடங்கிய தொடருக்குக் கிகுச்சி ஷுன்சுகே அமைத்த அந்த மெட்டைத் தாயும் பிள்ளையும் பேரனும் ஒரே மாதிரி அறிவார்கள். பேரன் பார்க்க வந்திருக்கும் நாளென்றால் இதையே போடுங்கள்.

வெளியே நடக்க முடிந்தவர்களைக் கூட்டிப்போக வாய்ப்புக் கிடைத்தால், தோக்கியோவின் தகாதனோபாபா நிலையத்துக்குப் போங்கள். கதையில் அட்டோம் பிறந்த இடம் அது. பிறந்த ஆண்டான 2003-இலிருந்து அங்கே யமனோதே தடத்தின் ரயில் புறப்படும்போது அட்டோம் பாட்டு ஒலித்துவருகிறது. செய்பு ரயில் நிறுவனத்தின் வழித்தடங்களில் ஓயிசுமி-காகுயென் நிலையத்துக்கு 'கின்கா தெட்சுதோ 999', கமி-இகுசாவுக்கு 'குண்டம்' என்று அமைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியை நடைமேடையின் நடுவில் நிறுத்தி, நெரிசல் இல்லாத பிற்பகலில், மூன்று நான்கு வண்டிகளை விட்டுவிட்டுக் கேட்க வைக்க வேண்டும்.

அன்றைய பணி முடியும் முன் பதிவேட்டில் எழுதிவையுங்கள். 'பாட்டு நேரம் நன்றாக நடந்தது' என்று எழுதுவதால் பயனில்லை. யார், எந்தத் தொடரின் பாட்டுக்கு, எந்த ஆண்டுப் பதிவுக்கு, எந்த இடத்தில் வாயசைத்தார், யாருடைய பெயரைச் சொன்னார் என்பதை எழுத வேண்டும். இரவில் உறக்கமின்றி எழுந்து நடக்கும் ஒருவருக்கு ஹைடியின் பாட்டு பிடிக்கும் என்பது இரவுப் பணிக்கு வருபவருக்குத் தெரிந்திருந்தால், விளக்கைப் போட்டு அதட்டுவதற்குப் பதிலாக அதை மெல்ல முணுமுணுக்கலாம். அவர் வேறு இல்லத்துக்கு மாற்றப்படும்போது, மருந்துப் பட்டியலோடு இந்தப் பாட்டுப் பட்டியலின் நகலையும் வைத்து அனுப்புங்கள். ஒரு நகலை மகனுக்கோ மகளுக்கோ கொடுத்துவிடுங்கள்.